எண் மாறும்; வெள்ளம் மாறாது



காவிரியில் நீர் வரும் காலத்தும், வாராது பொய்க்கும் காலத்தும், தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இருவகை எண்கள் நாள்தோறும் வெளிவருகின்றன. ஒன்று, நொடிக்கு இத்துணைக் கன அடி என்பது. மற்றொன்று, இத்துணை டி.எம்.சி. என்பது. முன்னது ஆயிரக்கணக்கில் நிற்கும். பின்னது ஒன்றிலும் பத்திலும் நூற்றிலும் நிற்கும். காலையில் தேநீர்க்கடை விசிப்பலகையில் அமர்ந்து செய்தித்தாளை விரிக்கும் உழவர் இவ்விரண்டையும் ஒரே பக்கத்திற் காண்கிறார். ஐயாயிரம் கன அடி என்பது மிகுதியா, நாற்பத்தைந்து டி.எம்.சி. என்பது மிகுதியா என்று அவரைக் கேட்டால், அவர் விடை கூறத் தயங்குவார். அவர் கல்லாமை அதற்குக் கரணியம் அன்று. கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றவரும் அவ்வாறே தயங்குகின்றனர். இரண்டும் ஒரே ஆற்றைப் பற்றிய எண்களே. ஆயினும் வெவ்வேறு அளவால் அளந்தவை. ஓர் அளவிலிருந்து மற்றோர் அளவுக்கு மாற்றத் தெரியாதவர்க்கு அவ்விரண்டும் வெற்றெண்களாகவே நின்றுவிடுகின்றன.

பெரும்பாய்வுகளின் அலகுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது எங்ஙனம் என்பதே இவ்வுரையின் பொருள். இது கணக்காசிரியர்க்கு மட்டும் உரிய பொருள் என்று எவரும் கருத வேண்டா. தம் ஊருக்கு வரும் நீர் எவ்வளவு, வர வேண்டிய நீர் எவ்வளவு என்று அறிய விழையும் ஒவ்வொருவர்க்கும் உரிய பொருள் இது.

பாய்வின் இரண்டு உறுப்புகள்

ஒரு பொருள் ஓரிடத்தைக் கடந்து ஓயாது செல்லுமாயின் அதனைப் பாய்வு என்கிறோம். அவ்விடத்தை ஒரு குறித்த காலத்திற்குள் எவ்வளவு நிறை கடந்தது என்று கூறுவதே நிறைப்பாய்வு. நொடிக்கு இத்துணைக் கிலோகிராம், நாளுக்கு இத்துணை டன், ஆண்டுக்கு இத்துணைக் கோடி டன் என்பன அதன் அலகுகள். இவை ஒவ்வொன்றிலும் உறுப்புகள் இரண்டு உள. மேலே நிற்பது நிறை. கீழே நிற்பது காலம். இவ்விரண்டில் எது மாறினும் எண் மாறும். ஆனால் ஆற்றில் ஓடும் நீர் ஒரு துளியும் மாறாது.

இக்கணக்கு தமிழர்க்குப் புதியது அன்று. களத்துமேட்டில் நெல் அளந்த முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். எட்டு நாழி கொண்டது ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம். காலத்திற்கும் அங்ஙனமே அளவு இருந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தது அறுபது நாழிகை. ஆகவே ஒரு மணிக்கு இரண்டரை நாழிகை. இனி, ஒரு களத்தில் நாழிகைக்கு ஒரு கலம் நெல் அளக்கப்படுகிறது என்க. மணிக்கு எத்துணை மரக்கால்? கலத்தை மரக்காலாக்கப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். நாழிகையை மணியாக்க இரண்டரையால் பெருக்க வேண்டும். பன்னிரண்டை இரண்டரையால் பெருக்கினால் முப்பது. மணிக்கு முப்பது மரக்கால் என்பது விடை. இதனையே நாழியாகக் கூறின் மணிக்கு 240 நாழி. நிமையத்திற்கு 4 நாழி.

நாழிகைக்கு ஒன்று, மணிக்கு முப்பது, மணிக்கு இருநூற்று நாற்பது, நிமையத்திற்கு நான்கு என நான்கு எண்கள் வந்தன. நான்கும் ஒரே நெல்லையே குறித்தன. எண் பெரிதாயிற்று என்பதனால் நெல் பெருகவில்லை. எண் சிறிதாயிற்று என்பதனால் நெல் குறையவுமில்லை.

இதில் மாணவர் பெரிதும் இடறுமிடம் ஒன்று உண்டு. மேலுறுப்பில் பெரிய அலகைச் சிறிய அலகாக்கும்போது எண் வளரும். கீழுறுப்பிலோ இது தலைகீழாக நிகழும். மணியை நிமையமாக்குவது பெரிய அலகைச் சிறியதாக்குவதே. எனினும் மணிக்கு 240 என்பது நிமையத்திற்கு 4 எனக் குறைகிறது. குறுகிய காலத்திற்குள் கடக்கும் பொருள் குறைவாகத்தானே இருக்கும்? எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது என்று மனப்பாடம் செய்ய வேண்டா. காலம் குறைந்தால் கடப்பதும் குறையும் என்னும் நடைமுறை அறிவு ஒன்றே போதும்.

கன அடியிலிருந்து டன்னுக்கு

ஆற்றுநீரைக் கன அடியால் கூறுவது பருமனைக் கூறுவதாகும். நிறையைக் கூறுவது அன்று. பருமனிலிருந்து நிறைக்குச் செல்ல அப்பொருளின் அடர்த்தி தெரிய வேண்டும். நீரைப் பொறுத்தவரை இஃது எளிது. ஒரு கன மீட்டர் நன்னீரின் நிறை ஏறத்தாழ 1,000 கிலோகிராம், அஃதாவது ஒரு டன். ஓர் அடி என்பது 0.3048 மீட்டர். அதனை மும்முறை பெருக்கினால் ஒரு கன அடி 0.0283168 கன மீட்டர் ஆகும். எனவே ஒரு கன அடி நீரின் நிறை 28.3 கிலோகிராம். நொடிக்கு ஒரு கன அடி என்றால் நொடிக்கு 28.3 கிலோகிராம் நீர் கடக்கிறது என்பது பொருள். நொடிக்கு 35.3 கன அடி என்றால் நொடிக்கு ஒரு டன்.

ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். ஆகவே நொடிக்கு ஒரு கன அடியாக ஒரு நாள் முழுதும் ஓடும் சிறு வாய்க்கால் 86,400 கன அடி நீரைக் கொணர்கிறது. அதன் நிறை ஏறத்தாழ 2,447 டன்.

இனி டி.எம்.சி. என்பதைக் காண்போம். ஆயிரம் மில்லியன் கன அடி என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அவை. மில்லியன் என்பது பத்து நூறாயிரம். அதனை ஆயிரத்தால் பெருக்கினால் நூறு கோடி. ஆகவே ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அவ்வளவே. இதனை நூறு கோடி கன அடி என்றே எழுதினால் தொடக்கப்பள்ளி மாணவனுக்கும் விளங்கும். அதன் நிறை 2 கோடியே 83 நூறாயிரம் டன்.

ஒரு வேறுபாட்டை இங்கு மறவாது குறித்துக்கொள்ள வேண்டும். நொடிக்கு இத்துணைக் கன அடி என்பது பாய்வு. டி.எம்.சி. என்பது பாய்வன்று, அது வெறும் அளவு. அதற்குக் கீழுறுப்பாகிய காலம் இல்லை. ஒரு நாளில் ஒரு டி.எம்.சி., ஒரு திங்களில் ஒரு டி.எம்.சி. என்று காலத்தைச் சேர்த்துக் கூறினாலன்றி அது பாய்வாகாது. ஒரு நாளில் ஒரு டி.எம்.சி. கடக்க வேண்டுமாயின், நூறு கோடியை 86,400 ஆல் வகுக்க, நொடிக்கு 11,574 கன அடி வேண்டும். இந்த 11,574 என்னும் எண்ணை நினைவிற் கொண்டால் போதும். நொடிக்கு வரும் கன அடியை நாள்களால் பெருக்கி 11,574 ஆல் வகுத்தால் டி.எம்.சி. கிடைத்துவிடும்.

காவிரிக் கணக்கு

இக்கருவியைக் கையிற்கொண்டு காவிரிக்குச் செல்வோம். 2007 ஆம் ஆண்டு பிப்பிரவரி 5 ஆம் நாள் காவிரி நடுவர் மன்றம் அளித்த இறுதித் தீர்ப்பின்படி, கருநாடகம் இயல்பான மழையாண்டில் தமிழ்நாட்டிற்குத் தர வேண்டிய நீர் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. இந்திய உச்சநயன் மன்றம் 2018 பிப்பிரவரி 16 ஆம் நாள் அதனை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்தது 14.75 டி.எம்.சி.

பதினான்கே முக்கால் என்றால் சிறிய எண்ணாகத் தோன்றுகிறது. அதனை டன்னாக மாற்றினால் 41 கோடியே 77 நூறாயிரம் டன். பேரெண்ணாகத் தோன்றுகிறது. அதனையே ஆண்டு முழுதும் நிரவி, நொடிக்கு இத்துணைக் கன அடி என்று கூறினால் 468 கன அடி. மீண்டும் சிற்றெண்ணாகத் தோன்றுகிறது. மூன்றும் ஒரே நீர். இழப்பைப் பெரிதாகக் காட்ட விரும்புவோர் நடுவில் உள்ளதை எடுத்துக் கூறலாம். சிறிதாகக் காட்ட விரும்புவோர் இறுதியில் உள்ளதை எடுத்துக் கூறலாம். இருவரும் பொய் கூறினார் அல்லர். ஆனால் அலகு மாற்றத் தெரியாதவர் இருவரிடத்தும் ஏமாறுவார்.

177.25 டி.எம்.சி. ஆண்டு முழுதும் ஒரே சீராக வருவதன்று. திங்கள்தோறும் இவ்வளவு என்று பகுக்கப்பட்டுள்ளது. சூன் திங்களுக்கு 9.19, சூலைக்கு 31.24, ஆகத்துக்கு 45.95, செப்தம்பருக்கு 36.76, அகுதோபருக்கு 20.22, நவம்பருக்கு 13.78, திசம்பருக்கு 7.35, சனவரிக்கு 2.76, பிப்பிரவரி முதல் மே வரை திங்களுக்கு 2.5. இவற்றைக் கூட்டினால் 177.25 வரும், ஐயமிருப்போர் கூட்டிப் பார்க்கலாம்.

ஆகத்து 45.95 என்பதைப் பாய்வாக மாற்றுவோம். 45.95 ஐ நூறு கோடியால் பெருக்கி, 31 நாள்களுக்குரிய 26,78,400 நொடிகளால் வகுத்தால், நொடிக்கு 17,156 கன அடி வருகிறது. நிறையாகக் கூறின் நொடிக்கு 486 டன். பிப்பிரவரி 2.5 ஐ அங்ஙனமே மாற்றினால் நொடிக்கு 1,033 கன அடி. ஆண்டு முழுவதற்குமான 177.25 ஐ 365 நாள்களுக்கு நிரவினால் நொடிக்கு 5,621 கன அடி.

2023 ஆம் ஆண்டு மழை குறைந்தது. ஆகத்துத் திங்கள் 29 ஆம் நாள் தொடங்கிப் பதினைந்து நாள்களுக்கு நொடிக்கு 5,000 கன அடி நீர் தமிழ்நாட்டிற்குத் திறந்துவிட வேண்டும் என்று காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு கூறியது. செய்தித்தாள்கள் 5,000 கன அடி என்று தலைப்பிட்டன. அந்த 5,000 எவ்வளவு? ஆண்டின் நிரவல் அளவாகிய 5,621 உடன் ஒப்பிட்டால், பெரிதும் குறைவில்லையே என்று தோன்றும். ஆனால் அவ்வொப்பீடு பொருந்தாது. ஆண்டின் நிரவல் அளவில் கோடைத் திங்களின் வறட்சியும் கலந்திருக்கிறது. குறுவைப் பயிர் நிற்பதும் சம்பாவுக்கு நிலம் உழுவதும் ஆண்டின் நிரவல் நாளில் அல்ல, ஆகத்திலும் செப்தம்பரிலும்.

பொருந்தும் ஒப்பீட்டைச் செய்வோம். நொடிக்கு 5,000 கன அடியைப் பதினைந்து நாளால் பெருக்கினால் 75,000. அதனை 11,574 ஆல் வகுத்தால் 6.48 டி.எம்.சி. அந்தப் பதினைந்து நாள்களில் மூன்று நாள் ஆகத்தைச் சேர்ந்தவை. பன்னிரண்டு நாள் செப்தம்பரைச் சேர்ந்தவை. இயல்பான மழையாண்டின் பங்கீட்டை நாள்வாரியாகப் பகுத்தால், ஆகத்து மூன்று நாளுக்கு 4.45, செப்தம்பர்ப் பன்னிரண்டு நாளுக்கு 14.70, இரண்டும் சேர்ந்து 19.15 டி.எம்.சி. ஆகவே திறக்கச் சொன்னது இயல்பாண்டுப் பங்கில் மூன்றில் ஒரு பகுதியை ஒட்டியது.

மழை குறைந்த ஆண்டில் குறைவை அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதும் தீர்ப்பிலேயே உள்ளது. ஆகவே அம்மூன்றில் ஒரு பகுதி முறையா, முறையன்றா என்பதை மழையளவும் அணைகளின் இருப்பும் கொண்டே முடிவு செய்ய வேண்டும். இக்கணக்கு அத்தீர்ப்பை வழங்காது. ஆனால் இக்கணக்கின்றி எவரும் அவ்வினாவை எழுப்பவும் இயலாது. 5,000 என்ற எண்ணைக் கேட்டு மகிழ்ந்தவரும் அறியாமல் மகிழ்ந்தார். அதனைக் கேட்டுச் சினந்தவரும் அறியாமல் சினந்தார். அறிந்து பேசுவோர் எண்ணிக்கை பெருக வேண்டுமென்பதே இங்கு வேண்டுவது.

நிறையால் ஏன் கூற வேண்டும்?

கன அடியே போதாதா, டன் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நீரை வயலுக்குப் பகுக்கும்போது கன அடி போதும். ஆனால் நீர் மோதும்போது கணக்கிற்கு வருவது நிறையே. நொடிக்கு நூறாயிரம் கன அடி வெள்ளம் என்று கேட்கும்போது மனத்தில் எவ்வுருவும் எழுவதில்லை. அதனை நிறையாக்கினால் நொடிக்கு 2,832 டன். ஒரு நொடிக்குள் பத்து டன் ஏற்றும் சரக்குந்துகள் நூற்றுக்கணக்கில் கடந்துபோவதற்கு ஒப்பானது அது. ஒரு நாளில் கடப்பது 24 கோடியே 47 நூறாயிரம் டன். அவ்வெள்ளம் நொடிக்கு மூன்று மீட்டர் விரைவில் வந்து ஒரு தடையில் மோதி நிற்குமாயின், அது தள்ளும் விசை 866 டன் எடைக்கு நிகர். நிறைப்பாய்வை விரைவால் பெருக்கிப் பெறுவது இவ்விசை. 2018 ஆகத்து 22 ஆம் நாள் இரவு, வெள்ளக்காலத்தில் திருச்சிராப்பள்ளியை அடுத்த முக்கொம்பில் கொள்ளிட மேலணையின் மதகுகள் சில சரிந்து வீழ்ந்தன. ஆற்றின் குறுக்கே எழுப்பும் எக்கட்டடமும் நாள்தோறும் எத்துணைக் கோடி டன்னைத் தாங்கி நிற்கிறது என்பதை ஊரார் உணர்ந்தால், பழுது பார்க்கும் பணியைத் தள்ளிப்போட எவரும் ஒருப்படார்.

எந்த டன்?

டன் என்று கூறியதுமே அளவு தெளிவாகிவிட்டது என்று எண்ணலாகாது. டன் மூவகைப்படும். ஆயிரம் கிலோகிராம் கொண்டது பதின்ம முறை டன். 2,240 பவுண்டு கொண்டது பிரித்தானிய டன். அது 1,016 கிலோகிராம். 2,000 பவுண்டு கொண்டது அமெரிக்க டன். அது 907 கிலோகிராம். நூறு கோடி டன் என்ற எண்ணை அமெரிக்க நூலிலிருந்து எடுத்துப் பதின்ம முறை டன்னாகக் கொண்டால், இல்லாத ஒன்பது கோடி டன்னை இருப்பதாக எழுதியவர் ஆவோம். எண்ணுப்பெயரிலும் இவ்விடர் உண்டு. பில்லியன் என்ற சொல் அமெரிக்காவில் நூறு கோடியையும், பிரித்தானியாவில் முன்பு நூறாயிரங்கோடியையும் குறித்தது. 1974 இல்தான் பிரித்தானிய அரசு தன் கணக்குகளில் நூறு கோடி என்ற பொருளையே கொள்ளலாயிற்று. கோடி என்ற நம் சொல்லுக்கோ என்றும் ஒரே பொருள்.

அலகுக் குழப்பத்தால் உயிருக்கே இடர் நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. வானூர்திப் பொறி மணிக்கு இத்துணைக் கிலோகிராம் எரிபொருள் என்று நிறைப்பாய்வாகவே எரிபொருளை உண்ணும். ஆகவே வானூர்தி எத்துணை மணி பறக்கும் என்பதை எரிபொருளின் நிறையைக் கொண்டே கணிப்பர். 1983 சூலை 23 ஆம் நாள் கனடா நாட்டில் மாண்ட்ரியலிலிருந்து எட்மண்டனுக்குப் புறப்படவிருந்த வானூர்தி ஒன்றில் எரிபொருள் காட்டும் கருவி பழுதுற்றிருந்தது. பயணத்திற்கு வேண்டியது 22,300 கிலோகிராம். கலத்தில் இருந்தது 7,682 இலிட்டர். இலிட்டரைக் கிலோகிராமாக்க 0.803 ஆல் பெருக்க வேண்டும். கனடா அப்போது பதின்ம முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. பணியாளரோ பழைய வழக்கப்படி 1.77 ஆல் பெருக்கினர். அஃது இலிட்டரைப் பவுண்டாக்கும் எண். விடையாக வந்த 13,597 பவுண்டைக் கிலோகிராம் என்று கொண்டனர். 20,088 இலிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 4,916 இலிட்டரே நிரப்பினர். நடுவானில் இரண்டு பொறிகளும் நின்றன. ஓட்டுநரின் திறமையால் வானூர்தி கிம்லி என்னும் ஊரின் பழைய வானூர்தித் தளத்தில் சறுக்கி இறங்கியது, உயிரிழப்பு ஏதுமில்லை. அவர்கள் பெருக்கியதில் தவறில்லை. வகுத்ததில் தவறில்லை. எண்ணுக்கு அருகே அலகை எழுதாமல் விட்டதே தவறு.

காவிரியினும் பெரியவை

இனி, காவிரியை அளவுகோலாகக் கொண்டு உலகின் பெரும்பாய்வுகளைக் காணலாம். தென்னமெரிக்காவின் அமேசான் ஆறு கடலிற் சேர்க்கும் நீர் நொடிக்கு ஏறத்தாழ 2 நூறாயிரம் டன். அதாவது, நொடிக்கு 70 நூறாயிரம் கன அடி. காவிரியில் நூறாயிரம் கன அடி வந்தால் கரையோர மக்களை எச்சரிக்கிறோம். அங்கு எழுபது மடங்கு நீர் இயல்பாகவே ஓடுகிறது.

கடலுக்குள் ஓடும் நீரோட்டங்கள் அதனினும் பெரியவை. அவற்றை அளக்கக் கன அடியும் கன மீட்டரும் சிறியனவாகிவிட்டமையால், நொடிக்குப் பத்து நூறாயிரம் கன மீட்டர் என்பதையே ஓர் அலகாக்கி, நார்வே நாட்டுக் கடலறிஞர் ஆரால்டு சுவெர்டிரப்பு நினைவாக அதற்குச் சுவெர்டிரப்பு என்று பெயரிட்டனர். கடல்நீர் உப்பு நிறைந்தது. ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1,025 கிலோகிராம். ஆகவே ஒரு சுவெர்டிரப்பு நொடிக்கு 10 நூறாயிரத்து 25 ஆயிரம் டன். நன்னீரின் அடர்த்தியையே இங்கும் கொண்டால் நொடிக்கு 25 ஆயிரம் டன் விடுபட்டுப்போகும். தென்முனைக் கண்டத்தைச் சுற்றியோடும் நீரோட்டம் நூறு சுவெர்டிரப்பினும் மிக்கது. அமேசானோ ஒரு சுவெர்டிரப்பில் ஐந்தில் ஒரு பகுதியே.

கிரீன்லாந்தின் பனிப்பாறை உருகுவதைப் பற்றி அறிவியலார் கூறும்போது ஆண்டுக்கு இத்துணைக் கிகா டன் என்பர். கிகா டன் என்பது நூறு கோடி டன். ஆண்டுக்கு நூறு கோடி டன் என்பதை 3,15,36,000 நொடிகளால் வகுத்தால் நொடிக்கு 31.7 டன். 2002 முதல் வானிலிருந்து செயற்கைக்கோள்களால் அளந்ததிற் கண்டபடி, கிரீன்லாந்து நிரவலாக ஆண்டுக்கு ஏறத்தாழ 270 கிகா டன் பனியை இழந்துவந்துள்ளது. இதனைக் கேட்கும் தமிழருக்கு இது வெற்றெண்ணே. காவிரி அலகுக்கு மாற்றுவோம். 270 ஐ 31.7 ஆல் பெருக்கினால் நொடிக்கு 8,560 டன். அதனை 35.3 ஆல் பெருக்கினால் நொடிக்கு 3 நூறாயிரம் கன அடி. காவிரியில் மூன்று நூறாயிரம் கன அடி வெள்ளம் ஒரு நாள் வந்தாலே ஊர் நடுங்கும். அங்கு அவ்வெள்ளம் இரவும் பகலும் இருபது ஆண்டுகளாகக் கடலிற் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஏறத்தாழ 360 கிகா டன் பனிநீர் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயரும். அலகை மாற்றியதும், தொலைவிலிருந்த செய்தி தம் கடற்கரை வரை வந்துவிட்டதைக் கேட்போர் உணர்வர்.

புகையிலும் இக்கணக்கு உண்டு. நிலக்கரியும் நெய்யும் எரிவளியும் எரிவதால் 2023 இல் உலகெங்கும் வெளிவந்த கரியமில வளி ஏறத்தாழ 37 கிகா டன். நொடிக்கு 1,170 டன். ஆனால் சில நூல்கள் இதனையே பத்துக் கிகா டன் என்று எழுதும். அவை கரியமில வளியை விட்டு, அதிலுள்ள கரியை மட்டும் கணக்கிடுவன. 12 கிலோகிராம் கரி எரிந்தால் 44 கிலோகிராம் கரியமில வளி உண்டாகும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல 44 ஐ 12 ஆல் வகுத்து வரும் 3.67 ஆல் பெருக்க வேண்டும். அலகு ஒன்றாக இருந்தும், அளந்த பொருள் வேறு என்பதை மறந்தால் புகை மூன்றரை மடங்குக்கு மேல் மறைந்துபோகும்.

இறுதியாக ஞாயிறு. அது ஒளியாகவும் வெப்பமாகவும் ஆற்றலை வெளியிடுவதால் நொடிதோறும் ஏறத்தாழ 42 நூறாயிரம் டன் நிறையை இழக்கிறது. காவிரியின் நூறாயிரம் கன அடி வெள்ளத்தைப் போல் அஃது ஆயிரத்து ஐந்நூறு மடங்கு. இங்ஙனம் இழந்தால் ஞாயிறு தேய்ந்து போகாதா என்று அச்சம் எழலாம். இதே அளவில் ஆயிரங்கோடி ஆண்டு இழந்தாலும் அதன் முழு நிறையில் குறைவது நூற்றுக்கு ஒன்றில் பதினைந்தில் ஒரு பகுதியே. பாய்வு பெரிதா சிறிதா என்பது எண்ணைக் கொண்டு முடிவதன்று. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைக் கொண்டு முடிவது. நொடிக்கு 5,000 கன அடி என்பது வற்றிய வாய்க்காலுக்குப் பெருவெள்ளம். ஆகத்துத் திங்களின் காவிரிக்கு அது பற்றாக்குறை.

கேட்க வேண்டிய வினாக்கள்

ஆதலின், பாய்வைப் பற்றிய எண் ஒன்றைக் கேட்குந்தோறும் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். அளக்கப்பட்ட பொருள் யாது? நன்னீரா, கடல்நீரா, கரியா, கரியமில வளியா? மேலுறுப்பின் அலகு யாது? கன அடியா, டன்னா, டன்னாயின் எந்த டன்? கீழுறுப்பின் காலம் யாது? நொடியா, நாளா, ஆண்டா. அந்நொடியில் கண்டதா, ஆண்டு முழுதும் நிரவியதா? அளந்த இடம் யாது? காவிரி நீரை இரு மாநிலங்களுக்கிடையே அளப்பது எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில். மேட்டூருக்கு வந்தது என்பது வேறு. கல்லணைக்கு வந்தது என்பது வேறு. கடைமடைக்கு வந்தது என்பது முற்றிலும் வேறு.

பெற்றோர் தம் பிள்ளைகளிடம் செய்தித்தாளைக் கொடுத்து, இன்று திறந்த நீர் ஒரு திங்களுக்கு எத்துணை டி.எம்.சி. என்று கேட்க வேண்டும். 11,574 என்னும் எண் ஒன்றே அதற்குப் போதும். ஆசிரியர்கள் வகுப்பறையில் கற்பிக்கும் அலகு மாற்றுக் கணக்கை ஆற்றையும் அணையையும் கொண்டே கற்பிக்க வேண்டும். உழவர் மன்றங்களில் பலகையொன்று நிறுத்தி, வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று ஒரே அலகில் நாள்தோறும் எழுதி வைக்க வேண்டும். அப்பலகையைப் பார்க்கும் உழவர்க்கு எவரும் விளக்கம் கூற வேண்டியதில்லை. அவரே கணக்கிடுவார், அவரே வினவுவார்.